பாலைவனப் பள்ளத்தாக்கில் முதல் தனிநடை: நான்கு இடங்களில் எது?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மலையேறும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். சனிக்கிழமை விடிந்தால் கிளெடாங், நீண்ட விடுமுறை அமைந்தால் கோர்பு என்று பழகியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பாலைவனத்துல தனியா நடக்கணும். பழைய சுரங்கமெல்லாம் இருக்கிற பள்ளத்தாக்கா இருந்தா இன்னும் நல்லது. எங்க போகலாம்?"

கேட்கிறவர்கள் நான்கு பெயர்களைத்தான் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் டெத் வேலியை ஒட்டிய சர்ப்ரைஸ் கேன்யன், அதே நாட்டில் கிராண்ட் கேன்யனின் ஹெர்மிட் பாதை, ஜோர்டானில் டானா பள்ளத்தாக்கு, தென் ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர். கடைசி இரண்டையும் நான் நடந்திருக்கிறேன். அமெரிக்கப் பள்ளத்தாக்குகளைப் பற்றிப் படித்தும், போய்வந்தவர்களை விடாமல் கேட்டும் தெரிந்துகொண்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தனிநடை என்றால் ஃபிளிண்டர்ஸ். மனசு இழுப்பது என்னவோ சர்ப்ரைஸ் கேன்யனுக்குத்தான். ஆனால் அது இரண்டாவது பயணமாகவே இருக்கட்டும்.

அழகை வைத்தோ செலவை வைத்தோ நான் இதைச் சொல்லவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது, அதை நம்பிக் குடிக்கலாமா என்பதை வைத்துச் சொல்கிறேன். கோர்பு ஏறும்போது பாதையின் பெரும்பகுதிக்கு ஆறோ ஓடையோ கூடவே வருகிறது. குப்பி காலியானால் குனிந்து மொண்டு, வடிகட்டிக் குடித்துவிட்டுப் போகிறோம். வனத்துறை பெர்மிட்டும் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே விடமாட்டார்கள் என்பதால் தனியாக முடிவெடுக்கும் பழக்கமும் நமக்கு வருவதில்லை. பாலையில் இரண்டும் தலைகீழ்.

உடம்பும் அங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும். இங்கே அரை மணி நேரம் ஏறினாலே சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வறண்ட காற்றில் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும், நாம் களைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். பையைக் கழற்றிப் பார்த்தால் தோள்பட்டை வார் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருக்கும். அந்தக் கோடு தெரிவதற்கு முன்பே ஒரு லிட்டருக்கு மேல் போயிருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்பது அங்கே குறைந்தபட்சக் கணக்கு. ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு நாள் தண்ணீரைச் சுமந்தால் எட்டு கிலோ, கூடாரமும் சாப்பாடும் அதற்கு மேல். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும் என்பதால் உப்புக்கடலை மாதிரி எதையாவது இடையிடையே கொறிக்க வேண்டும்.

இனி சர்ப்ரைஸ் கேன்யன். 1873இல் அதன் உச்சியில் வெள்ளி கிடைத்தது. ஓரிரு ஆண்டுகளில் பனமிண்ட் என்று ஒரு நகரமே எழுந்தது. கொள்ளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓட முடியாதபடி வெள்ளியை 400 பவுண்டுக்கு மேல் எடையுள்ள உருண்டைகளாக வார்த்து, காவல் இல்லாத வண்டியிலேயே அனுப்பினார்கள் என்று இன்றும் சொல்வார்கள். தாது சீக்கிரமே தீர்ந்தது. 1876 ஜூலையில் வந்த வெள்ளம் ஊரின் பெரும்பகுதியைப் பள்ளத்தாக்கு வழியாக அடித்துக்கொண்டு போனது. செங்கல்லில் கட்டிய உருக்காலைப் புகைபோக்கி மட்டும் இன்னும் நிற்கிறது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில். கீழே பாதை தொடங்கும் இடத்திலிருந்து அங்கே போய்ச் சேர ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பழைய வண்டிச் சாலையை வெள்ளம் திரும்பத் திரும்பத் தின்றுவிட்டதால் நடந்து மட்டுமே போகலாம்.

பாலைவனமாக இருந்தும் இந்தப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் ஆண்டு முழுக்க ஓடை ஓடுகிறது. வெளிறிய பாறையில் வழுக்கி விழும் சிறு அருவிகளில் கால் நனைய ஏற வேண்டும். தண்ணீரை வைத்தே முடிவு செய்யச் சொல்லும் நான் இதை ஏன் முதலில் சொல்லவில்லை? ஓடையின் கீழ்ப்பகுதி வழுக்குப் பாறை. தனியாக இருக்கும்போது அங்கே கணுக்கால் பிசகினால் கூப்பிட ஆள் இல்லை, கைப்பேசிக்கு அலையும் இல்லை. மேலே ஊர் இருந்த இடத்தைச் சுற்றிச் சுரங்கக் குழிகள் வேலியில்லாமல் திறந்து கிடக்கின்றன. பழைய குடிசைகளில் தங்கலாம் என்று தோன்றும்; எலி எச்சத்திலிருந்து பரவும் ஹண்டா வைரஸ் அந்த வட்டாரத்தில் உண்டு என்பதால் கூடாரமே மேல். வாசலான பல்லராட்டும் கைவிடப்பட்ட ஊர்தான். அங்கிருந்து சரளைப் பாதை, அதற்கு உயரமான வண்டி வேண்டும். அதுவும் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகாத கைகளோடு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சமாளித்துவிடலாம். எல்லாம் ஒரே பயணத்தில், முதல் பயணத்திலேயே வந்து சேர்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், இது நான்கு இடத்துக்கும் பொது. நம் அருவிகளில் கெப்பாலா ஆயர் என்ற திடீர் நீர்ப்பெருக்கு வந்து ஆளை அடித்துக்கொண்டு போவதை நாம் அறிவோம். பாலைவன வெள்ளமும் அதே இனம்தான், ஆனால் இன்னும் மோசம். தரை இறுகிக் கிடப்பதால் மழையை உறிஞ்சாது. மழை பெய்வது பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும், உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மிச்சம் டெத் வேலியில் ஒரே நாளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் கொட்டியது. சுங்கை சிப்புட்டில் அது ஒரு மாலை மழை. அங்கே சாலைகளைப் பெயர்த்துப்போட்டு, டெத் வேலி தேசியப் பூங்காவையே அக்டோபர் பாதி வரை மூட வைத்தது. 2018 அக்டோபரில் ஜோர்டானில் சாக்கடல் பக்கம் வந்த திடீர் வெள்ளத்தில் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள் உட்பட இருபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். காய்ந்த ஆற்றுப்படுகை மணல் மெத்தை மாதிரி இருக்கும், கூடாரம் போட ஆசையாக இருக்கும். போடவே கூடாது.

கிராண்ட் கேன்யனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: கார் ஓட்டத் தெரியாதவர்களும் போகலாம். தென்விளிம்பு வரை பொது வாகனம், அங்கிருந்து ஹெர்மிட் பாதையின் வாசலுக்குப் பூங்காவின் பேருந்து. ஹெர்மிட் வழியாக இறங்கி, டோண்டோ மேட்டில் பக்கவாட்டாக நடந்து, பிரைட் ஏஞ்சல் பாதை வழியாக மேலேறுவது மூன்று நான்கு நாள் சுற்று. நடுவில் மான்யுமென்ட் ஓடை, சால்ட் ஓடை, ஹார்ன் ஓடை என்று வரிசையாக வரும். வரைபடத்தில் நீலக்கோட்டைப் பார்த்து மூன்று இடத்தில் தண்ணீர் என்று கணக்குப் போட்டால் ஆபத்து. சால்ட் ஓடை பருவத்துக்குத்தான் ஓடும், உப்புச்சுவை வேறு. ஹார்ன் ஓடையின் கதை இன்னும் கடுமை. அதற்கு நேர் மேலே விளிம்பில் ஆர்ஃபன் சுரங்கம் இருக்கிறது. 1893இல் செம்புக்காக வளைத்துப்போட்ட இடம். பிறகு அங்கேயே யுரேனியம் கண்டுபிடித்து 1969 வரை தோண்டினார்கள். ஓடைத் தண்ணீரில் யுரேனியம் கரைந்திருப்பதால் குடிக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

நாம் வாங்கும் வடிகட்டிகள் கிருமியைப் பிடிக்கும், கலங்கலைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்த உலோகத்தைப் பிடிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகி அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஈப்போ பக்கத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெள்ளீயம் அலசிய பின் மிஞ்சும் ஆமாங் மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்த புக்கிட் மேரா ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து அந்த மக்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள், 1994இல் ஆலை மூடப்படும் வரை என்ன பாடுபட்டார்கள் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். சுரங்கம் மூடிய பின்னும் அதன் தண்ணீர் மூடுவதில்லை. பழைய சுரங்கம் இருக்கும் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும் எந்த ஓடை சுரங்கத்துக்குக் கீழே வருகிறது என்று வரைபடத்தில் முதலில் பாருங்கள். மற்றபடி கிராண்ட் கேன்யனில் பெர்மிட் கிடைப்பதுதான் பெரும்பாடு. அனுமதிக்குக் குலுக்கல், விசாவுக்கு நேர்காணல், இரண்டும் ஒரே தேதிக்கு ஒத்துவர வேண்டும். வருடத்துக்குச் சில நாள் விடுப்பை முதலாளியிடம் கெஞ்சி வாங்குகிறவனுக்கு இது பெரிய தலைவலி.

டானா எனக்கு மிகவும் பிடித்த இடம், அதனால் கவனமாகச் சொல்கிறேன். விளிம்பில் தொங்கும் டானா கிராமத்திலிருந்து ஃபெய்னான் வரை சுமார் 14 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். உயர வேறுபாடு ஆயிரம் மீட்டரை நெருங்கும். மேலே குளிர்ந்த பாறை, நடுவில் அரளிப் புதர்கள் மண்டிய 'வாடி' என்ற ஆற்றுப்படுகை, கீழே வெந்த மணல். காலையில் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக் கிளம்பி, மத்தியானம் நிழல் தேடி ஒதுங்கினேன். கீழே கறுப்பாகக் கிடக்கும் மேடுகள் மண் என்றுதான் முதலில் நினைப்போம். கையில் எடுத்தால் கனக்கும், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். செம்பு உருக்கிய கசடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே செம்பு எடுத்திருக்கிறார்கள். ரோமர் காலத்தில் சுரங்க வேலை ஒரு தண்டனை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்களைத் தண்டித்து இந்தச் சுரங்கங்களுக்கு அனுப்பியதை அக்காலத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கசட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த எனக்குத் தொண்டை அடைத்தது. செம்பு இன்னும் தீரவில்லை. 2021இல் டானா இயற்கைக் காப்பகத்தின் ஒரு பகுதியைச் சுரங்கத்துக்கு ஒதுக்க ஜோர்டான் அரசு முனைந்ததும் அங்கே பெரும் எதிர்ப்புக் கிளம்பியது.

ஆனால் டானாவில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. காப்பகத்தின் விதி அது. ஆகவே இது நாலு நாள் முதுகுப்பைப் பயணமாக அமையாது. ஒரு நீண்ட பகல் நடை, முடிவில் ஃபெய்னான் விடுதியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓர் இரவு. சாப்பாடு சைவம் என்பதால் நம்மில் சைவர்களுக்குக் கவலை இல்லை. கூடாரமும் அடுப்பும் வாங்காமலே போகலாம் என்பதால் மொத்தச் செலவு கையடக்கம். மேலும் நடக்க வேண்டுமென்றால் பெட்ரா வரை நீளும் பாதை இருக்கிறது. அதற்கு உள்ளூர் பெதுயின் வழிகாட்டி வேண்டும், வைத்துக்கொண்டால் தனிநடை ஆகாது. மூன்று இரவாவது தங்குவதாக இருந்தால் ஜோர்டான் பாஸ் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள், விசாக் கட்டணமும் பெட்ரா நுழைவும் அதிலேயே அடக்கம். அக்கம்பக்க நாடுகளின் நிலவரம் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் முன் விஸ்மா புத்ராவின், அதாவது நம் வெளியுறவு அமைச்சின், பயண அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். தனியாகப் போகும் பெண் பிள்ளைகள் கேட்டால் நான்கில் டானாவைத்தான் முதலில் சொல்வேன், வழிகாட்டியோடு.

ஃபிளிண்டர்ஸுக்கு வருகிறேன். கோலாலம்பூரிலிருந்து அடிலெய்டுக்கு நேரடி விமானம் உண்டு, ஏழு மணி நேரம் சொச்சம். விசாவுக்குக் கைப்பேசிச் செயலியில் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி எடுத்தால் போதும், 20 ஆஸ்திரேலிய டாலர் சேவைக் கட்டணம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். வில்பீனா வரை சுமார் 430 கிலோமீட்டர், ஒரு பகலில் போய்விடலாம். ஹைசன் பாதை 1,200 கிலோமீட்டர் நீளம். அதன் வடகோடித் துண்டான வில்பீனா முதல் பராசில்னா இடுக்கு வரைதான் நான் சொல்வது. 60 கிலோமீட்டருக்கு மேல் வரும், நான்கு நாளில் நிதானமாக நடக்கலாம். புன்யெரூ, பிராச்சினா என்று மலையைப் பிளந்த இடுக்குகள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. பிராச்சினாவின் பாறைகளைப் பார்த்துத்தான் பூமியின் வரலாற்றில் எடியாகரன் என்று ஒரு காலத்தையே 2004இல் வகுத்தார்கள்.

நான் இதை முதலில் வைக்கக் காரணம் தண்ணீர்த் தொட்டிகள். முகாம்களிலும் குடிசைகளிலும் கூரை மழையைப் பிடித்துத் தொட்டியில் சேர்க்கிறார்கள். ஓடை காய்ந்திருந்தாலும் தொட்டியில் இருக்கும், சுரங்கத்தின் வழியாக வந்த தண்ணீரும் அல்ல. தொட்டியின் பக்கத்தை விரல் கணுவால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் 'டங்' என்ற ஓசை 'டொக்' என்று மாறும். தண்ணீர் அந்த மட்டத்தில் நிற்கிறது. முதல் மாலை அந்த 'டொக்' கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. எந்தத் தொட்டியையும் முழுதாக நம்பக் கூடாது. குழாய் உடைந்திருக்கலாம், முன்னால் போனவர்கள் காலி செய்திருக்கலாம். வில்பீனா அலுவலகத்தில் அந்த வாரத்து நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த தொட்டி காலி என்று வைத்துக்கொண்டே ஒரு நாள் தண்ணீரைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். தவறினாலும் ஒரு நாள் தொலைவில் வண்டிச் சாலை ஒன்றைத் தொட்டுவிட முடியும். மற்றப் பள்ளத்தாக்குகளில் இந்த விட்டுக்கொடுப்பு இல்லை.

சுரங்கக் கதையிலும் ஃபிளிண்டர்ஸ் குறைந்ததில்லை. 1859இல் ராபர்ட் பிளின்மன் என்ற ஆடு மேய்ப்பவர் ஒரு குன்றின் மேல் செம்புப் பாறையைக் கண்டார். அவர் பெயரிலேயே ஊர் எழுந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தோண்டினார்கள். தோண்டியதை விடக் கடினம் அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. மழை பொய்த்தால் மாடு சாகும், வண்டி நிற்கும். 1866இல் பெல்டானா பண்ணைக்காகக் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும் ஓட்டிகளும் கப்பலில் வந்த பிறகுதான் இந்த வறண்ட வட்டாரத்தில் சரக்குப் போக்குவரத்து நிமிர்ந்தது. பலுச்சி, பட்டாணி, பஞ்சாபி என்று பலதரப்பட்ட அந்த ஆட்கள் எல்லாரையும் 'ஆப்கானியர்' என்று ஒரே பெயரில் அடைத்தார்கள். ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய நம் தாத்தாக்களைப் போல அவர்களும் பிரிட்டிஷ்காரனின் கணக்குப் புத்தகத்தில் தலை எண்ணிக்கைதான். இன்னும் பின்னால் போனால், பராசில்னா பக்கத்துக் காவிக்கல்லை வெட்டி வெகுதூரம் வரை பண்டமாற்று செய்த முதற்குடிகளின் சுரங்கம் இருக்கிறது. அட்னியமதன்ஹா மக்களின் நாடு அது. அந்த மண்ணில் நடக்கும்போது இதெல்லாம் நினைவில் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. மலை சிறியது, சர்ப்ரைஸ் கேன்யன் தரும் தனிமை கிடைக்காது, பள்ளி விடுமுறையில் முகாம்களில் குடும்பங்கள் இருக்கும். ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும். கேமரன் மலைக் குளிரை வைத்து உறங்கும் பை வாங்கினால் விடிய விடிய நடுங்க வேண்டியதுதான். சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். வீட்டுக் கறிவேப்பிலை, இறைச்சி செரண்டிங் எல்லாம் இங்கேயே இருக்கட்டும்.

விடுப்பு எப்போது கிடைக்கும் என்பதும் தேர்வை மாற்றும். ஃபிளிண்டர்ஸ் நடைக்காலம் ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை. அதற்குப் பிறகு வெயிலும் காட்டுத்தீ அபாயமும். தீபாவளி விடுப்பைத்தான் நம்பியிருக்கிறேன் என்றால் அதற்கு டானா பொருந்தும், அமெரிக்க இடங்களும் பொருந்தும். மார்ச்சும் டானாவுக்கு நல்ல மாதம், ரமலான் எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் சாப்பாட்டுக் கடை திறக்காத ஊரில் நடைப்பயணம் சிரமம்.

எங்கே போனாலும் செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கருவி ஒன்று கையில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வாடகைக்கே கிடைக்கிறது. கருவியைவிட முக்கியம் வீட்டில் இருக்கும் ஆள். அம்மாவிடம் சொன்னால் முதல் நாளே அழுவார், அண்ணனோ அக்காவோ மேல். எந்த இரவு எந்த முகாம், எந்தத் தேதி எத்தனை மணிக்குள் நான் பேச வேண்டும், பேசாவிட்டால் எந்த நாட்டு எண்ணை அழைக்க வேண்டும் என்று ஒரே தாளில் தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். என் அக்காவிடம் கொடுத்த தாளில் கடைசி வரி, "ராத்திரி பத்து மணி வரை பொறு, அதற்குப் பிறகு யோசிக்காதே, கூப்பிடு."

பயிற்சிக்கு நம் ஊரே போதும். பையில் எட்டு லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களை ஏற்றிக்கொண்டு செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் விடியற்காலை நடந்து பழகுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வெயில் ஏறும் முன் வெட்டி முடித்தார்கள். பாலையிலும் அதே நேரக் கணக்குதான் உயிரைக் காப்பாற்றும். ஐந்து மணிக்கு எழுந்து, பதினொன்றுக்கு நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும்.

கடைசியாகக் கார். வில்பீனாவில் தொடங்கிப் பராசில்னா இடுக்கில் முடிக்கும் நடைக்கு, கார் முடிகிற இடத்தில் நிற்பது நல்லது. முதல் நாளே அங்கே நிறுத்திவிட்டு, கட்டணம் பேசி யாராவது உங்களை வில்பீனாவில் இறக்கிவிட முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மண்சாலையில் ஓட்டலாமா என்று வாடகை ஒப்பந்தத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. நடையை முடித்துக் காரில் ஏறினால் பிளின்மன் பக்கத்தில்தான். பழைய செம்புச் சுரங்கத்துக்குள் ஊர் மக்களே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள், அதற்கு ஓர் அரைநாளை ஒதுக்கிவிட்டு விமானத் தேதியைப் போடுங்கள்.